முனியப்பனுக்கு ஒரு கோட் து ரோன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாட்டுக்கோழிக் குழம்போடு எந்தச் சிவப்பு ஒயினைத் திறப்பது என்று பெங்களூரில் யாருக்காவது சந்தேகம் வந்தால், அதைத் தீர்த்துவைத்தது அன்பரசிதான். இரண்டு வருடமாக அவள் எழுதியதைப் படித்துத்தான் ஒரு கூட்டம் பாட்டிலைத் திறந்தது. அன்பரசி இருந்ததோ தருமபுரி மாவட்டம் ஏரியூரில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்தெருவில், வாசலில் இரண்டு எருமை கட்டிய வீட்டில். ஒயின் என்பதை அவள் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை.

இதை மோசடி என்று சொல்ல முடியாது. நீ குடிப்பாயா என்று கம்பெனி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அவள் மெத்தைக்கு எழுதியிருக்கிறாள், படுப்பது கோரைப்பாயில். டிரெட்மில்லுக்கு எழுதியிருக்கிறாள், நாய் பிஸ்கட்டுக்கும் எழுதியிருக்கிறாள். தருமபுரி கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, கல்யாணமாகி ஏரியூர் வந்து, வீட்டிலிருந்தபடியே இணையக் கடைகளுக்குப் பொருள் விவரம் எழுதிக் கொடுக்கிற பிழைப்பு. எதற்கும் புகார் வந்ததில்லை. நாய்கள்கூடக் குறை சொல்லவில்லை.

அப்படித்தான் வெளிநாட்டு ஒயின் வரவழைத்து விற்கிற ஒரு பெங்களூர் கம்பெனி அவளைப் பிடித்தது. வீட்டில் "திராட்சை கம்பெனி" என்று சொல்லி வைத்தாள். ஒயின் திராட்சையில்தானே செய்கிறார்கள்! மாமியார் தங்கம்மாள் அதைத் தெருமுனை வரைக்கும் பெருமையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்: "எம் மருமவ வூட்ல இருந்தே பெங்களூர் கம்பெனிக்கு எழுதறா. திராட்சப் பழ வியாபாரம்."

அன்பரசியின் தொழில்முறை எளிமையானது. ஒரு ஒயினைப் பற்றி உலகத்தில் உள்ளவர்கள் எழுதிய நூறு விமர்சனங்களைப் படிப்பாள். அவர்கள் சொல்கிற பெயர் தெரியாத காட்டுப் பழத்துக்குப் பதில் நாவல்பழம் போடுவாள். நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு என்றால் வாழைப்பூ. வெயிலில் காய்ந்த மலைச்செடி வாசம் என்றால் நொச்சியும் கற்பூரவல்லியும். சமையலறையில் இல்லாத எந்தச் சுவையும் உலகத்தில் இல்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. படித்தவர்கள் சொக்கிப்போனார்கள்.

அவள் எழுத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு, கோட் து ரோன். தெற்குப் பிரான்சில் ரோன் என்று ஓர் ஆறு. அதன் இரு கரைச் சரிவுகளிலும் விளைகிற திராட்சைகளைக் கலந்து செய்கிற சிவப்பு ஒயின். ஒற்றைத் திராட்சை இல்லை, கூட்டுக் குடும்பம் என்று அன்பரசி எழுதினாள். கிரெனாஷ் என்கிற திராட்சை வீட்டுக்கு மூத்தவன். பழத்தின் இனிப்பும் போதையும் அவன் கொண்டுவருவது. சிரா கறுத்த கோபக்காரன். நிறமும் மிளகு வாசமும் அவன் பொறுப்பு. மூர்வெத்ர் பேசாத மாப்பிள்ளை. பந்தியில் உட்கார்ந்திருப்பதே தெரியாது, எழுந்து போனால்தான் குறை தெரியும். இந்த மூன்று பேரும் ஒத்துப்போகிற இடம் காரசாரமான நாட்டுக்கோழிக் குழம்பும் கேழ்வரகுக் களியும் என்று முடித்து, தங்கம்மாள் வைக்கிற குழம்பின் பக்குவத்தையும் கீழே போட்டிருந்தாள். மிளகாய் பதினைந்து.

அந்தக் கட்டுரை ஓடிய ஓட்டத்தில் கம்பெனியின் கிடங்கு காலியானது. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர், "முதல் வாயிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது" என்று எழுதினார். அன்பரசி அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். லண்டனில் ஒயின் படித்து சர்டிபிகேட் வாங்கிய மாதவராஜ் என்ற நிபுணர், காரமும் பழமும் கைகோத்து நடப்பதாக ஒரு பக்கத்துக்கு எழுதி வாழ்த்தினார்.

ஆனால் கட்டுரையின் அடியில் அன்பரசியின் பெயர் இல்லை. கம்பெனியின் பெயர்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை வெண்மதி போன் செய்தாள். கம்பெனியில் எழுத்து வேலையை எல்லாம் பார்க்கிறவள், கோயம்புத்தூர்க்காரி.

"அன்பரசி, வர்ற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லைவ். பிரான்ஸ்லருந்து அந்த ஒயின் பண்றவரே வர்றாரு. உன் குழம்பை அவரும் அங்க சமைக்கறாரு, நீயும் சமைக்கற. ரெண்டு பேரும் கேமரா முன்னால சாப்பிட்டு, குடிச்சுப் பேசணும். பாட்டிலை ஸ்டேட் தாண்டி அனுப்ப முடியாது, அங்கயே பெரிய ஊர்ல வாங்கிக்க."

"நான் எதுக்குங்க மேடம்? நான் பின்னால இருந்து எழுதறவ..."

"பின்னால இருந்தது போதும். நிரந்தர வேலை ஒண்ணு வருது, ஒண்ணே ஒண்ணு. எழுதறதெல்லாம் உன் பேருலயே வரும். நீ லைவ்ல நல்லாப் பண்ணினா உனக்கு. இல்லன்னா மாதவராஜுக்கு. அவரு வந்தா வெளியாளுங்ககிட்ட எழுதி வாங்க மாட்டாரு. நீ மறுபடி நாய் பிஸ்கட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அன்பரசி போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எருமையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை வேண்டும். தன் பெயரைத் தான் எழுதியதன் அடியில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் ஏரியூரில் ஒரு பெண்பிள்ளை ஒயின் குடித்தாள் என்றால், அந்தச் செய்தி பென்னாகரம் போய்ச் சேர பஸ்கூடத் தேவையில்லை.

இரவுச் சாப்பாட்டில் கணவனிடம் சொன்னாள். தமிழ்ச்செல்வன் பென்னாகரத்தில் உரக்கடை விற்பனையாளன்.

"குடிக்க மாட்டேங்க. வாயில வச்சு, உருட்டி, துப்பிருவேன். பெரிய பெரிய நிபுணருங்களே அப்படித்தான் பண்றாங்க."

"துப்பறதுக்கா சேலம் போயி அவ்வளவு வெலைக்கு வாங்கியாரணும்?"

"நீங்க பண்டிகைக்குப் பண்டிகை வாங்கறதெல்லாம் கணக்குல வராதா?"

"ஏய், நான் குடிச்சா அது பழக்கம். நீ குடிச்சா அது செய்தி."

"அதான் சொல்றனே, துப்பிருவேன்."

ஒரு சொட்டும் உள்ளே போகாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அவன் புதன்கிழமை சேலம் போய் வந்தான். பெரிய கடை ஒன்றில் அந்த ரகம் இருந்தது. பாட்டிலின் மேல் ஒரு கோட்டைப் படமும், கொடியும், யாருக்கும் வாயில் நுழையாத எழுத்தும். வெளிச்சம் படாத இடத்தில், படுக்கை வாட்டில், சூடில்லாமல் வைக்க வேண்டும் என்று அன்பரசியே எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். யோசித்து யோசித்து அதைக் கொள்ளு டிரம்முக்குள் படுக்க வைத்து, மேலே கொள்ளைத் தள்ளி மூடினாள். அந்த வீட்டில் கொள்ளு எடுப்பது எப்போதோ ஒருமுறைதான்.

வியாழக்கிழமை தங்கம்மாளுக்குச் சளி பிடித்தது. சளி பிடித்தால் அவள் கொள்ளு ரசம் வைப்பாள்.

கையை விட்டதும் கண்ணாடி தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தாள். கோட்டை, கொடி, சீமை எழுத்து. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் தமிழ்ச்செல்வன் மேச்சேரி ரோட்டில் வண்டியோடு விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, அவன் எழுந்து நடந்தால் சேவலும் சீமைச் சரக்கும் படைப்பதாக முனியப்பனுக்கு வேண்டியிருந்தாள். அவன் நடந்தான், வண்டியும் ஓட்டினான். வேண்டுதலைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "அப்புறம் பாக்கலாம்மா" என்று நழுவினான். கடைச் சரக்கு எதையாவது படைக்கலாம் என்றால், சீமைச் சரக்கு என்று சொல்லிவிட்டு உள்ளூர் பிராந்தியை வைக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. முனியப்பன் படிக்காதவர் என்று யார் சொன்னது?

இப்போது மகன் வாய்விட்டுச் சொல்லாமல் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறான்! தங்கம்மாள் டிரம்மின் முன்னாலேயே நின்று முந்தானையால் மூக்கையும் கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். மகன் மறைத்ததை நாம் ஏன் உடைக்க வேண்டும் என்று பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பூசாரி சென்றாயனிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். சனிக்கிழமை அமாவாசை. தோதாகப் போயிற்று.

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு மசாலா அரைத்து முடித்துவிட்டு அன்பரசி கொள்ளு டிரம்மைத் திறந்தாள். உள்ளே கொள்ளு இருந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவினாள். கொள்ளுதான் இருந்தது. குழம்புக்கென்று கூடையில் கவிழ்த்து வைத்திருந்த சேவலையும் காணோம், மாமியாரையும் காணோம்.

எதிர்வீட்டு கோவிந்தம்மாள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "உங்க அத்தை முனியப்பங் கோயிலுக்குப் போயிட்டாங்களே? மவன் வேண்டுதலுக்கு சீமைச் சரக்கு வாங்கியாந்துட்டான்னு ஒரே சந்தோசம். உனக்குச் சொல்லலையா?"

தமிழ்ச்செல்வன் வண்டியை எடுத்தான், அன்பரசி பின்னால் ஏறிக்கொண்டாள். நாகமரை போகிற வழியில், சோளக்காட்டு நடுவே, வேப்பமரத்தடியில் முனியப்பன் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ஆள் உயரம், உருட்டிய கண், காது வரை மீசை, ஓங்கிய கத்தி. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது சேவல் குழம்பாகிக் கொதித்துக்கொண்டிருந்தது. களி கிண்டி உருட்டியாகிவிட்டது. பாட்டிலும் திறந்தாகிவிட்டது. தக்கையை எப்படி எடுப்பதென்று தெரியாமல், சென்றாயன் அரிவாள் பிடியை வைத்து உள்ளே தள்ளிவிட்டிருந்தார். கோட்டை போட்ட பாட்டிலுக்குள் தக்கை மிதந்தது.

"அத்தை! அதைக் குடுங்க, நான் வூட்டுக்கு எடுத்துட்டுப் போவணும்."

"என்ன கண்ணு பேசற? சாமிக்கு ஒரு கை ஊத்தியாச்சு."

சென்றாயன் குறுக்கே வந்தார். "சாமிக்குத் தொறந்ததை வூட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோற வழக்கம் இல்லைங்கம்மா. இங்கியே தீத்துட்டுப் போவணும்."

மணி ஐந்தே முக்கால். அன்பரசிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் மாமியாரிடம் கொட்டினாள்: திராட்சை கம்பெனி என்பது ஒயின் கம்பெனி, இரண்டு வருடமாக எழுதுவது ஒயினைப் பற்றி, ஆறு மணிக்கு அதை வாயில் வைத்துக் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

தங்கம்மாள் மகனைப் பார்த்தாள். "அப்ப இது நீ வேண்டுதலுக்கு வாங்கினது இல்லையாடா?"

தமிழ்ச்செல்வன் முனியப்பனின் கத்தியைப் பார்த்தான். "ரெண்டுக்கும்தாம்மா" என்றான்.

"நடிக்காதடா." தங்கம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "இங்கியே காட்டு. போன்லதான பேசப்போற? சாமி வேண்டாங்குதா?"

"பொம்பளைங்களுக்குத் தீர்த்தம் குடுக்கற வழக்கம் இல்லை, தங்கம்மா" என்றார் சென்றாயன்.

"வேண்டுதல் வச்சது ஆரு? நானு. நான் ஆம்பளையா? சாமி எங்கிட்ட வாங்கிக்கிறப்ப மட்டும் வழக்கம் எங்க போச்சு?"

சென்றாயன் பாட்டிலைக் கையில் எடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "தீர்த்தம்னு கையில வாங்கினா முழுங்கிரணும். துப்பக் கூடாது. சாமி குத்தம் ஆயிரும்."

தமிழ்ச்செல்வன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு போனை அவனே பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் வெண்மதி வந்தாள், பிரான்சிலிருந்து வெள்ளைத் தாடிக்காரர் மர்செல் வந்தார், பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

"அன்பரசி, உனக்குப் பின்னால கத்தி வச்சுக்கிட்டு யாரு?" என்று வெண்மதி தமிழில் பதறினாள்.

"எங்க முனியப்பனுங்க மேடம்."

மர்செலுக்கு ஒரே மகிழ்ச்சி. தங்கள் ஊர்த் தோட்டங்களுக்கும் காவல் சாமி உண்டு என்றும், அவர்களுக்கு இவ்வளவு நல்ல மீசை கிடையாது என்றும் சொன்னார். அவர் தட்டில் அன்பரசியின் குழம்பு. மனைவிக்குக் காரம் ஆகாது என்பதால் மிளகாய்க்குப் பதில் காரமில்லாத குடைமிளகாய்ப் பொடி போட்டதாக ஒத்துக்கொண்டார். ஒரு வாய் தின்றார், ஒரு மடக்கு குடித்தார், விரல் நுனியை முத்தமிட்டார். அற்புதம், இந்த இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை என்றார்.

இனி அன்பரசி. களியைப் பிட்டு, குழம்பில் தோய்த்து விழுங்கினாள். உள்ளங்கையைக் குவித்தாள். சென்றாயன் ஊற்றினார். வாழ்க்கையில் முதல்முறையாக கோட் து ரோன் அவள் வாய்க்குள் போனது.

எரிந்தது. பதினைந்து மிளகாயும் எழுந்து நின்று எரிந்தன. குழம்பு பற்றவைத்த நெருப்பில் ஒயின் எண்ணெய் மாதிரி விழுந்தது. மூத்தவனுடைய இனிப்பைக் காணோம், கோபக்காரனுடைய மிளகைக் காணோம். வாழைப்பூத் துவர்ப்பு மட்டும் கசப்பாகி நாக்கைக் கவ்வியது. துப்ப வழியில்லை, சென்றாயன் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினாள். கண்ணில் நீர் வந்தது. ஒயிட்ஃபீல்டுக்காரர் எதற்காக அழுதார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எப்படி?" என்று வெண்மதி ஆங்கிலத்தில் கேட்டாள். அற்புதம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேலை, பெயர், எல்லாம் கைக்கு வந்துவிடும். அன்பரசி வாயைத் திறந்தாள். இரண்டு வருடம் எழுதியது பொய்யில்லை, தெரியாமல் எழுதியது. இப்போது தெரியும். போதாததற்கு, வரப்புத் தகராறு முதல் ஆட்டுத் திருட்டு வரை ஏரியூர்க்காரர்கள் வந்து சத்தியம் செய்கிற இடம் இது. அந்தக் கத்திக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

"சேரலைங்க" என்றாள். பிறகு நினைவு வந்து ஆங்கிலத்திலும் சொன்னாள். சேரவில்லை, எரிகிறது, நான் எழுதியது தப்பு.

வெண்மதியின் முகம் நின்றுபோனது. இணைப்பு போய்விட்டதோ என்று தமிழ்ச்செல்வன் போனைத் தட்டிப் பார்த்தான்.

"என்னாச்சு கண்ணு?" என்றாள் தங்கம்மாள்.

"வாய் எரியுதுங்க அத்தை."

"இந்தா, இதைத் தின்னு." சாமி இலையிலிருந்து எடுத்து நீட்டினாள். சேவலின் ஈரல், தணலில் சுட்டது. சாமிக்கு வைக்கிற ஈரலில் உப்பைத் தவிர எதுவும் சேர்ப்பதில்லை. மிளகாய்க்கு அந்த இலையில் இடமே கிடையாது.

அன்பரசி தின்றாள். எரிச்சல் அடங்கும் என்று மறுபடி கையை நீட்டினாள். சென்றாயன், ஒன்று கொடுத்தாகிவிட்டது இன்னொன்றில் என்ன என்கிற முகத்தோடு ஊற்றினார். இந்த முறை கருகிய ஈரலின் கொழுப்பின் மேல் ஒயின் மெதுவாக இறங்கியது. முதலில் நாவல்பழம் வந்தது. பின்னாலேயே மிளகு. கடைசியில், பந்தியில் இருப்பதே தெரியாத அந்த மாப்பிள்ளைகூட எங்கிருந்தோ எழுந்து வந்தான். அவள் அதை அப்படியே சொன்னாள். படித்ததை அல்ல, நாக்கில் நடந்ததை.

மர்செல் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, அந்த ஈரல் எப்படிச் சுடுவது என்று கேட்டார்.

திரையின் ஓரத்தில் எழுத்துகள் கொட்டத் தொடங்கின. எனக்கும் எரிந்தது என்றார் ஒருவர். என் நாக்குதான் சரியில்லை என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன் என்றார் இன்னொருவர். விருந்தாளிகள் முன்னால் மானம் போகுமே என்று சிரித்துக்கொண்டே குடித்தோம் என்று ஒரு தம்பதி. ஒயிட்ஃபீல்டுக்காரர் நன்றி மட்டும் சொன்னார்.

லைவ் முடிந்ததும் சென்றாயன் மிச்சத்தைக் கூடியிருந்தவர்களுக்குப் பங்கு வைத்தார். தானும் ஒரு கை குடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது சாமிக்குப் பத்தாதுங்க. அடுத்த தடவை பிராந்தியே வாங்கிருங்க." தமிழ்ச்செல்வனின் முறை வரும்போது பாட்டிலில் தக்கை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் வெண்மதி போன் செய்தாள். அன்பரசி முந்திக்கொண்டாள்.

"மேடம், ஒண்ணு சொல்லிடறேன். நேத்து வரைக்கும் நான் ஒயின் குடிச்சதே இல்லைங்க."

மறுமுனையில் வெண்மதி சிரிக்க ஆரம்பித்தாள்; நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"நீ குடிக்காம எழுதின. சரி. குடிச்சுப் பாத்துட்டும் காரமும் பழமும் கைகோத்து நடக்குதுன்னு ஒரு பக்கம் எழுதினாரே மாதவராஜ், அவரை வச்சு நான் என்ன பண்ண? ஓனர்கிட்ட பேசிட்டேன். வேலை உனக்குத்தான். பேரும் உன்னுதுதான். ஆனா ஒரு கண்டிஷன். இனிமே எதை எழுதினாலும் குடிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதணும். மாசம் ரெண்டு பாட்டில்."

அன்பரசிக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. ஒரு சொட்டும் குடிக்காமல் புளுகியபோது அவள் ஊருக்கு நல்ல மருமகள். உண்மையை எழுத வேண்டுமானால் இனி மாதம் இரண்டு பாட்டில் குடிக்க வேண்டும்.

ஊர் இதுவரை ஒன்றும் பேசவில்லை. கோவிந்தம்மாள்கூட, "சாமி தீர்த்தம்தான" என்று முடித்துக்கொண்டாள். அதுதான் சிக்கல். முனியப்பன் முன்னால் திறந்தால் தீர்த்தம், வீட்டில் திறந்தால் சாராயம். வேண்டுதல் இல்லாமல் முனியப்பனிடம் பாட்டிலோடு போகவும் முடியாது. கால் முறிந்தது ஒருமுறை. அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தங்கம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டே யோசித்தாள். சினை எருமை நல்லபடியாகக் கன்று போட்டால் முனியப்பனுக்கு ஒரு பாட்டில். தமிழ்ச்செல்வனுக்கு உரக்கடையில் சம்பளம் ஏறினால் ஒன்று. அது நடக்காது, ஆனாலும் வேண்டிக்கொள்வதில் தப்பில்லை. அதற்குமேல் அந்த வீட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி கஷ்டம் எதுவும் அகப்படவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காலை நீட்டி முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"கவலப்படாத கண்ணு" என்றாள். "எம் முட்டி வலி ஒண்ணே ஒரு வருசத்துக்குத் தாங்கும்."